அதைச் சொன்னது உன் அம்மா

தம்பி,

இந்தக் கடிதத்தை நீ மட்டும் படிக்கப்போவதில்லை. ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் சிலர் சேர்ந்து நடத்தும் இந்தச் சிறு பத்திரிகையை நீ பார்த்திருக்க மாட்டாய். படிப்பவர்களும் அதிகம் பேர் இல்லை. வீட்டு விஷயத்தை அச்சில் போடலாமா என்று இதன் ஆசிரியரே என்னைக் கேட்டார். நானும் தயங்கினேன், தயங்குவது எனக்குப் பழகிய வேலைதான். ஆனால் நீ அதை ஊர் முன்னால் சொன்னாய். ஊர் முன்னால் சொன்னதற்குச் சமையலறையில் நின்று பதில் சொல்லி என்ன ஆகப்போகிறது? தவிர, நேரில் உன்னிடம் பேசி என்னால் ஒன்றையும் முடிக்க முடியாது. நான் ஒரு வாக்கியத்துக்குச் சொல் தேடிக்கொண்டிருக்கும்போதே நீ நாலைந்து வாக்கியம் பேசி, கடைசி வாக்கியத்தில் என்னையே சிரிக்கவைத்துவிடுவாய். எழுதும்போது மட்டும்தான் யாரும் குறுக்கே பேசுவதில்லை. அதனால் எழுதுகிறேன். நிதானமாகத்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்.

போன வாரம் நீ தொலைபேசியில் கூப்பிட்டாய். குரலில் அவ்வளவு சந்தோஷம். பொங்கலுக்கு ஒளிபரப்பாகப் போகிற பட்டிமன்றத்தில் உனக்கு இடம் கிடைத்துவிட்டது. இத்தனை வருடம் கோயில் திருவிழா, பள்ளி ஆண்டு விழா, கடை திறப்பு விழா என்று அலைந்தவனுக்கு இது பெரிய வாசல் என்பது எனக்குத் தெரியும். மனமார வாழ்த்தினேன். அதன் பிறகு நீ சொன்னதை அப்படியே இங்கே எழுதுகிறேன்.

"அப்பா, ரெக்கார்டிங்கு ரிங் ரோட்டு மண்டபத்துல. கார் அனுப்புறேன். வெள்ளைச் சட்டை வேணாம், லைட்டுல அடிக்கும். அந்தச் சந்தனக் கலரு சட்டையப் போட்டுக்கங்க. முன் வரிசையில சீட்டு சொல்லிட்டேன்."

"நான் எதுக்குப்பா அங்க?"

"நம்ம ஆஸ்பத்திரி ஜோக்கு வரும்ல, அப்ப கேமராவ உங்க பக்கம் திருப்புவாங்க. நீங்க லேசாச் சிரிச்சாப் போதும். டைரக்டர்கிட்டப் பேசிட்டேன், அவருக்கு ஏக சந்தோசம்."

நம்ம ஆஸ்பத்திரி ஜோக்கு. அந்த 'நம்ம' என்ற சொல்லோடு ஒரு வாரமாக இருக்கிறேன்.

படிப்பவர்களுக்கு அது என்ன ஜோக்கு என்று தெரிய வேண்டும் அல்லவா? திருமங்கலத்தில் திருவிழா மேடையில் நீ அதை முதன்முறை சொன்னபோது நான் கூட்டத்தில் இருந்தேன். என்னோடு வேலை பார்த்த சரித்திர ஆசிரியர் ஒருவரையும் பெருமையாக அழைத்துக்கொண்டு, விளாங்குடியிலிருந்து பஸ் மாறி மாறி வந்திருந்தேன். அன்றைய தலைப்பு, வாழ்க்கைக்குக் கைகொடுப்பது ஏட்டறிவா பட்டறிவா என்பது. உனக்குப் பட்டறிவு அணி. நடுவர் எந்தப் பக்கம் போகச் சொல்கிறாரோ அந்தப் பக்கம் பேசுவதுதான் உங்கள் தொழில் என்பதால் அதில் எனக்கு வருத்தமில்லை. நீ எழுந்தாய், மைக்கைத் தட்டினாய், ஆரம்பித்தாய்.

"நடுவர் அவர்களே! எங்கப்பா தமிழ் வாத்தியாரு. எங்க வீட்டு பீரோவத் தொறந்தா சேலை விழுகாது, புஸ்தகந்தான் விழுகும். எங்கம்மா ஆஸ்பத்திரியில மூச்சு வாங்கிக் கெடக்கு. நர்சம்மா ஸ்ட்ரெச்சரோட ஓடி வாராங்க. 'ஐயா தள்ளுங்க, ஐசியூவுக்குக் கொண்டு போகணும்'ங்கிறாங்க. எங்கப்பா கையில புஸ்தகம். என்ன சொன்னாரு தெரியுமா? 'ஒரு நிமிசம் இரும்மா, கதையில ஒருத்தன் வாசல்ல நிக்கிறான். அவ கதவத் தொறக்குறாளா இல்லையான்னு பாத்துட்டு வாரேன்'ங்கிறாரு!"

கூட்டம் குலுங்கியது. நடுவர் மேசையைத் தட்டிக்கொண்டு, "ஏய்யா, கடைசியில கதவு தொறந்துச்சா இல்லையா?" என்றார். நீ ஒரு கணம் நிறுத்தினாய். எங்கே நிறுத்தவேண்டும் என்பது உனக்கு நன்றாகத் தெரியும். "அந்தக் கதவு தொறந்துச்சோ இல்லையோ, எங்கம்மாவுக்குச் சொர்க்கத்துக் கதவு தொறந்துருச்சுய்யா!" என்றாய். விசில் பறந்தது. பிறகு கையை நீட்டி, "அந்தா, அங்கதான் உக்காந்திருக்காரு" என்றாய். எல்லாத் தலைகளும் திரும்பின. நான் எழுந்து நின்றேன். கும்பிட்டேன். சிரித்தேன். விழாக் குழுவில் ஒருவர் ஓடிவந்து என் தோளில் ஒரு துண்டைப் போர்த்தினார். பக்கத்திலிருந்த சரித்திர ஆசிரியர் கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டு, "பய பின்னுறான் சார்" என்றார். பஸ்ஸில் திரும்பும்போது மட்டும், "நெசமாவே அப்படியா சார் சொன்னீங்க?" என்று மெதுவாகக் கேட்டார். "மேடைக்காகச் சொல்றதுதான் சார்" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். நம்பவில்லை. நான் அப்படிச் சொல்லக்கூடியவன்தான் என்று இத்தனை வருடப் பழக்கத்தில் அவருக்குத் தோன்றியிருக்கிறது.

அதற்குப் பிறகு பல நாள் எனக்குக் கோபம் உன் மேல் வரவில்லை, என் மேல்தான் வந்தது. பேச்சை உனக்குக் கற்றுக்கொடுத்தவன் நான். நீ பள்ளிக்கூடத்தில் படித்தபோது மதுரையைச் சுற்றி எங்கே பேச்சுப்போட்டி என்றாலும் உன்னைக் கூட்டிப்போனேன். ஒரு புத்தகத்தை நான் முழுக்கப் படிப்பேன். அதில் உனக்கு உதவக்கூடிய நாலு வரியைப் பென்சிலால் கோடிட்டு, கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எடுத்து எழுதிக் கொடுப்பேன். நீ மொட்டை மாடியில் நடந்து நடந்து மனப்பாடம் செய்வாய். முதல் மணி அடித்தால் முடிவுரைக்கு வர வேண்டும், இரண்டாம் மணிக்குள் வணக்கம் சொல்ல வேண்டும். வாடிப்பட்டியில் ஒரு போட்டி. அதற்கு ஒரு நாவலிலிருந்து தாய்ப்பாசம் பற்றி நாலு வரி எடுத்துக் கொடுத்திருந்தேன். நீ அந்தப் புத்தகத்தையே தூக்கிக்கொண்டு வந்தாய்.

"அப்பா, இந்த அம்மா கடைசியில அந்தப் பையனக் கண்டுபிடிச்சாங்களா? முழுசாப் படிக்கட்டுமா?"

"இப்ப வேணாம்டா. முழுசாப் படிச்சாக் கொழம்பிருவ. நான் கோடு போட்டத மட்டும் பாரு."

நீ கோடு போட்டதை மட்டும் பார்த்தாய். முதல் பரிசு வாங்கினாய். பரிசாகக் கொடுத்ததும் புத்தகங்கள்தான். வண்ணத் தாள் சுற்றி, ரிப்பன் கட்டி. அந்தத் தாளைப் பிரிக்காமலே அவற்றை அலமாரியில் அடுக்கினாய். கொஞ்ச காலத்தில், "அப்பா, இதுல நமக்கு ஆகுறது எதுவும் இருக்கா பாருங்க" என்று என்னிடம் நீட்டப் பழகினாய். நானும் பார்த்துக் கொடுத்தேன். ஒரு குழந்தை கதையின் முடிவைத் தெரிந்துகொள்ள ஆசைப்பட்டு நின்றதை, இலக்கியம் சொல்லிக்கொடுத்துச் சம்பளம் வாங்கிய நான் போட்டிக்கு இடைஞ்சல் என்று நினைத்தேன். இது வேறு எந்த வீட்டிலும் நடந்திருக்காது. புத்தகமே இல்லாத வீட்டுப் பிள்ளை எங்காவது ஒன்றைக் கண்டெடுத்து முழுதாகப் படித்திருக்கும். தமிழ் வாத்தியார் வீட்டுப் பிள்ளைக்குத்தான் அந்த வாய்ப்பு இல்லாமல் போயிற்று.

வகுப்பிலும் நான் வேறு ஆளாக இருக்கவில்லை. 'இலக்கியத்தின் பயன் யாது' என்ற கேள்விக்கு விடையைத் தலைப்பு, உட்தலைப்பு, முடிவுரை என்று பிரித்து எழுதிப்போடுவேன். மாணவர்கள் அதையே தேர்வில் எழுதுவார்கள். என் வாக்கியங்களுக்கு நானே மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்தேன். ஒருமுறை கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து, "சார், இந்தக் கதை உங்களுக்குப் பிடிச்சிச்சா?" என்று கேட்டாள். எனக்கு அந்தக் கதை மிகவும் பிடிக்கும். அதைப் படித்த அன்று சாப்பிடப் பிடிக்காமல் உட்கார்ந்திருந்தேன். அதைச் சொல்ல வாய் வரவில்லை. வகுப்பே என்னைப் பார்த்தது. "அது பாடத்திட்டத்துல இல்லம்மா" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவள் உட்கார்ந்துவிட்டாள். வாத்தியார் என்றாலே சிரிப்பு வருவதற்கு நாங்களும் உதவியிருக்கிறோம்.

இப்போது உன் அம்மாவுக்கு வருகிறேன். இதை எழுதத்தான் இவ்வளவு தூரம் சுற்றினேன்.

உன் அம்மாவுக்குக் கதைப் புத்தகம் பிடிக்காது என்பது உனக்கே தெரியும். தாலுகா ஆபீசில் மனுக்களுக்கு நடுவே ஆயுள் முழுக்க உட்கார்ந்திருந்தவள். "எங்க ஆபீசுக்கு வராத கதையா உங்க புஸ்தகத்துல வரப்போகுது? எழுதுறவனையெல்லாம் ஒரு வாரம் எங்க சீட்டுல உக்கார வைக்கணும்" என்பாள். நான் படித்துக்கொண்டிருந்தால் சட்டை மாட்டும் ஆணியைக் கடப்பதுபோல என்னைக் கடந்து போவாள். சிறுநீரகம் கெட்டு, ரத்தம் சுத்தம் செய்ய ஆஸ்பத்திரிக்குப் போக ஆரம்பித்த பிறகுதான் அது மாறியது. ஒரு கையில் ஊசிகளோடு மணிக்கணக்கில் அசையாமல் படுத்திருக்க வேண்டும். முதலில் டிவி பார்த்தாள். பிறகு அடுத்த கட்டிலில் இருந்தவர்களோடு பேசினாள். அவர்களில் ஒருவர் ஒருநாள் வரவில்லை, மறுமுறையும் வரவில்லை. அதற்குப் பிறகு பேச்சை நிறுத்திவிட்டாள். "ஏங்க, சும்மா மெசினப் பாத்துக்கிட்டுக் கெடக்க முடியல. அந்தப் பையில என்னமோ வச்சிருக்கீங்கள்ல, அதை வாய்விட்டுத்தான் படிங்களேன். தூக்கமாச்சும் வரும்" என்றாள்.

அந்த நாவலின் பெயரை நான் இங்கே எழுதமாட்டேன். எழுதினால் நீ அதைத் தேடி எடுத்து ஒரு குறிப்பாக மாற்றிவிடுவாய். ஆற்றங்கரை ஊர் ஒன்றில் சின்னதாக ஒரு சாப்பாட்டு விடுதி நடத்தும் ஒரு பெண்ணின் கதை என்பது போதும். தம்பியை வளர்த்து ஆளாக்குகிறாள். அவன் விடுதியைத் தன் பெயருக்கு எழுதி வாங்கி விற்றுவிட்டு ஊரைவிட்டுப் போய்விடுகிறான். நான் தாழ்ந்த குரலில், யாருக்கும் தொந்தரவு இல்லாமல் படிப்பேன். உன் அம்மாவுக்குத் தூக்கம் வரவில்லை. "நில்லுங்க" என்றாள் ஒரு நாள். "அந்தப் பத்திரத்துல சாட்சிக் கையெழுத்துப் போட்டது யாரு? அத எழுதலையா அந்த ஆளு? அதுல்ல முக்கியம்!" பிறகு ஒவ்வொரு முறையும் போகும் வழியிலேயே ஆட்டோவில் ஆரம்பித்துவிடுவாள். "அந்தப் பய திரும்பி வருவான் பாருங்க. காசு தீந்ததும் வருவான். நான் எம்புட்டுப் பேரப் பாத்திருக்கேன்." அவனை அவள் பெயர் சொல்லி அழைத்ததே இல்லை. அந்தப் பய. அவன் உருகி உருகிக் கடிதம் எழுதுகிற அத்தியாயத்தை நான் தழுதழுக்கப் படித்து முடித்தபோது, "மனு தள்ளுபடி" என்றாள். மருந்து கலந்துகொண்டிருந்த நர்ஸ் பெண், எழுமலைப் பக்கத்துப் பிள்ளை, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு நாங்கள் இருவரும் அவ்வளவு பேசிக்கொண்டது அந்த நாட்களில்தான். எங்களைப் பற்றிப் பேசவே இல்லை. இல்லாத ஒரு பெண்ணுக்காகச் சண்டை போட்டோம். அவள் மன்னிக்க வேண்டும் என்று நான் சொல்வேன். "நீங்க மன்னிப்பீங்க, ஒங்களுக்கு வேற என்ன தெரியும்?" என்பாள்.

அந்தக் கடைசி நாளில் நீ ஒரு நிகழ்ச்சிக்காகத் திண்டுக்கல் போயிருந்தாய். காலையிலிருந்தே உன் அம்மாவுக்கு மூச்சு சரியில்லை. நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது என்றார்கள். முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க். ஐசியூவில் கட்டில் ஒழிய வேண்டும், அதுவரை இங்கேயே இருக்கட்டும் என்றார்கள். நான் அன்று புத்தகத்தை எடுக்கவே இல்லை. அவள்தான் பையைக் கண்ணால் காட்டினாள். எடுத்துப் படித்தேன். கதையில் அந்தத் தம்பி திரும்பி வந்து அக்காவின் வீட்டுக் கதவைத் தட்டுகிற இடம். மழை. அவள் உள்ளே தாழ்ப்பாளில் கை வைத்துக்கொண்டு நிற்கிறாள். அங்கேதான் ஸ்ட்ரெச்சர் வந்தது. நான் புத்தகத்தை மூடிவிட்டு எழுந்தேன். ஆமாம், எழுந்துவிட்டேன். நீ அந்த நேரத்துக்குத்தான் மூச்சிரைக்க வந்து, கதவருகே நின்றாய். உன் அம்மா மாஸ்க்கை ஒரு கையால் விலக்கினாள்.

"ஒரு நிமிசம் இரும்மா" என்றாள் நர்சிடம். "அந்தப் பய வாசல்ல நிக்கிறான். அவ தொறக்குறாளா இல்லையான்னு பாத்துட்டு வாரேன்."

நர்ஸ் திரும்பி வாசலைப் பார்த்தது. அங்கே நீ நின்றிருந்தாய். உன் அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அவன் இல்ல தாயி, அவன் நான் பெத்தவன். இது கதையில உள்ளவன்" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "படிங்க" என்றாள். நான் நின்றபடியே அந்தப் பத்தியைப் படித்தேன். கதையில் அக்கா கதவைத் திறந்தாள். "தொறந்துட்டாளா? கூறுகெட்டவ" என்றாள் உன் அம்மா. மாஸ்க்கைத் தானே சரிசெய்துகொண்டாள். "வாம்மா, போவோம்." அதற்குப் பிறகு அவள் பேசி நான் கேட்கவில்லை. நீயும் கேட்கவில்லை.

ஆகவே உனக்குத் தெரியும். நீ அங்கே இருந்தாய், உன் காதால் கேட்டாய். திருமங்கலத்துக்குப் பிறகு ஒரு நாள், இருந்த தைரியத்தையெல்லாம் திரட்டி உன்னிடம் கேட்டேன். "தம்பி, அதைச் சொன்னது அம்மால்ல?"

"தெரியும்ப்பா. அம்மா சொன்னதாச் சொன்னா சனம் உச்சுக் கொட்டும். அதுக்கு மேல அடுத்த ஜோக்கு எடுபடாது. நீங்கன்னாச் சிரிப்பாங்க."

"நான்னா ஏன் சிரிப்பாங்க?"

"வாத்தியாருன்னாலே சிரிப்பாங்கப்பா."

நீ கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. உன் தொழிலின் நுட்பம் அது. எந்த வாக்கியத்தை யார் வாயில் போட்டால் எடுபடும் என்று உனக்குத் தெரிந்திருக்கிறது. ஆனால் யோசித்துப் பார். உன் அம்மா ஆயுள் முழுக்கச் சொன்னவற்றில் பெரும்பாலானவை, 'குக்கர எறக்குங்க', 'பாலுக்குச் சொல்லிட்டீங்களா', 'தம்பி வந்துட்டானா' என்பவைதான். கடைசியில் ஒரே ஒரு வாக்கியம், அவளுடைய கிண்டல், அவளுடைய துணிச்சல், சாவைப் பார்த்து இரு என்று சொன்ன அந்த அதிகாரம், எல்லாம் சேர்ந்து வந்தது. அதை எடுத்து ஒரு கோமாளிக்குக் கொடுத்துவிட்டாய். கோமாளி நான் என்பதில் எனக்குப் பெரிய வருத்தமில்லை. அவளை அந்தக் கட்டிலில் வெறும் உடம்பாகப் போட்டுவிட்டாயே, அதுதான் ஆறவில்லை.

நான் சொல்வது முழுக்கச் சரிதானா என்ற சந்தேகமும் எனக்கு இருக்கிறது. அதை மறைத்தால் இந்தக் கடிதமும் ஒரு மேடைப் பேச்சாகிவிடும். அவளுக்காகத்தான் படித்தேனா? அல்லது அந்த ஊசிகளையும் குழாய்களையும் பார்க்கப் பயந்துகொண்டு எனக்காகப் படித்தேனா? புத்தகம் எனக்கு எப்போதுமே முகத்தை மறைத்துக்கொள்ள வசதியான பொருள். வீட்டில் சண்டை வந்தால், சொந்தத்தில் சாவு விழுந்தால், பள்ளியில் ஓர் அநியாயத்தை எதிர்த்துக் கையெழுத்துக் கேட்டு யாராவது வந்தால், நான் ஒரு புத்தகத்துக்குப் பின்னால் இருந்திருக்கிறேன். நீ அதைப் பார்த்து வளர்ந்தவன். அதனால் உன் ஜோக்கில் அடியோடு உண்மை இல்லை என்றும் என்னால் சொல்ல முடியாது. இன்னொன்றும் உண்டு. அந்தப் பத்தியைப் படித்த நேரம் வீணான நேரமா என்று இன்றுவரை எனக்குள் ஒரு கேள்வி. டாக்டரிடம் கேட்டேன். அதனால் ஒன்றும் மாறியிருக்காது என்றார். நம்புகிறேன், சில நாள் நம்பவில்லை. நீ சொர்க்கத்துக் கதவு என்று சொன்னபோது அந்த விசில் சத்தம் நேராக வந்து விழுந்தது அங்கேதான். உனக்கு அது தெரியாது. தெரிந்தால் சொல்லியிருப்பாயா? இந்தக் கேள்விக்குப் பதில் எனக்குத் தெரியாமல் இருப்பதே நல்லது.

இலக்கியத்தின் பயன் என்ன என்று இப்போது யாராவது கேட்டால் அந்தப் பழைய விடையை நான் எழுதமாட்டேன். படித்ததால் நான் நல்லவனாகவில்லை. தைரியசாலியாகவில்லை. உன்னைச் சரியாக வளர்க்கக்கூட அது உதவவில்லை. உன் அம்மாவின் நுரையீரலிலிருந்து ஒரு சொட்டு நீரைக்கூட அது இறக்கவில்லை. நான் பார்த்தது ஒன்றே ஒன்றைத்தான். தன் மூச்சே தனக்கு எட்டாமல் படுத்திருந்த ஒருத்தி, அந்த நேரத்தில் வேறொருத்தியின் கதவைப் பற்றிக் கவலைப்பட்டாள். அது பெரிய விஷயமா சின்ன விஷயமா என்று எனக்கு மதிப்பெண் போடத் தெரியவில்லை. ஆனால் அதை நாலு வரியாக வெட்டி எடுக்க முடியாது என்பது தெரிகிறது. அவள் அந்தக் கதைக்குள் பக்கம் பக்கமாக நடந்து, சண்டை போட்டு, தள்ளுபடி செய்து, அந்த வாசலுக்கு வந்து சேர்ந்தாள். கோடு போட்ட இடத்தை மட்டும் படித்திருந்தால் வந்து சேர்ந்திருக்கமாட்டாள்.

உனக்குப் புத்திமதி சொல்கிற தகுதி எனக்கு இருக்கிறதா தெரியவில்லை. இருந்தாலும் அப்பன் என்ற முறையில் சொல்கிறேன். ஏதாவது ஒரு புத்தகத்தை முதலிலிருந்து கடைசிவரை படி. பென்சில் வேண்டாம், செல்போனில் குறிப்பும் வேண்டாம். மேடைக்கு ஆகாத புத்தகமாகப் பார்த்து எடு. படித்துவிட்டு அதைப் பற்றி யாரிடமும் ஒரு வார்த்தை பேசாதே. பேசாமல் இருப்பது உனக்குச் சிரமமாக இருக்கும். வாய் துறுதுறுக்கும். அந்தச் சிரமம் வந்தால் படித்திருக்கிறாய் என்று வைத்துக்கொள். இதை நீ செய்வாய் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அன்று வாடிப்பட்டிக்குக் கிளம்பும்போது சொல்லியிருக்க வேண்டியதை, உனக்குத் தலை நரைக்கத் தொடங்கிய பிறகு சொல்கிறேன்.

பட்டிமன்றத்தில் நீ பேசக்கூடாது என்று நான் சொல்லவில்லை. ஏட்டறிவு வீண் என்று எவ்வளவு வேண்டுமானாலும் பேசு. என்னை வைத்து வேறு ஜோக்கு சொல், என்னிடம் அதற்குப் பஞ்சமில்லை. நான் குடையைத் தேடிக்கொண்டே குடை பிடித்து நடந்ததைச் சொல். உன் கல்யாணத்தில் சம்பந்தியை மாப்பிள்ளையின் அப்பா என்று நினைத்து வரவேற்றதைச் சொல். மாப்பிள்ளையின் அப்பா நான்தான் என்பதை மறந்துபோயிருந்தேன். இதை மட்டும் விட்டுவிடு. விட முடியாது என்றால் நடந்தபடி சொல். சொன்னது அம்மா என்று சொல். சனம் உச்சுக் கொட்டட்டும், அடுத்த ஜோக்கு எடுபடாமல் போகட்டும். கைதட்டல் இல்லாத மேடையில் கொஞ்ச நேரம் நின்று பார். ஆனால் நீ அதை நம்பிக்கொண்டிருக்க மாட்டாய், நானும் நம்பவில்லை. டைரக்டருக்கு ஏக சந்தோஷம் என்று சொல்லிவிட்டாய்.

அதனால் கார் அனுப்ப வேண்டாம். முன் வரிசை இருக்கையை வேறு யாருக்காவது கொடுத்துவிடு. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, கோபித்துக்கொண்டு வீட்டில் முடங்கிக் கிடக்கப்போவதும் இல்லை. கேட்பவர்களிடம் அப்படிச் சொல்லிச் சமாளிக்காதே. நான் வராததற்குக் காரணம் ஒன்றுதான். நீ அந்த ஜோக்கைச் சொல்லி, கேமரா என் பக்கம் திரும்பினால், நான் சிரித்துவிடுவேன். எனக்கு என்னைத் தெரியும்.

அப்பா